மொனஹன் மாவட்டத்தில் ஒரு நாள்: கார் ஓட்டிய பெரியவரைப் பற்றி

நாங்கள் அயர்லாந்தின் டன்டாக் நகருக்குக் குடிவந்து மூன்று வருடம் ஆகிறது. எங்களிடம் கார் இல்லை. மேற்கே 15 கிலோமீட்டர் போனால் மொனஹன் மாவட்டம் வந்துவிடும் என்பது தெரியும். ஆனாலும் இந்த ஏப்ரல் வரை அங்கே கால் வைத்ததில்லை. மகளுக்குப் பள்ளியில் பேட்ரிக் கவனாவின் கவிதைகள் பாடம். அவற்றில் வரும் ஊர்கள் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன என்று தெரிந்ததும், "ஈஸ்டர் லீவில் ஒரு நாள் போகலாமா அம்மா?" என்று கேட்டாள். அப்போதுதான் ஒரு கடையின் அறிவிப்புப் பலகையில் கையால் எழுதி ஒட்டியிருந்த துண்டுச்சீட்டு கண்ணில் பட்டது. கவனாவின் ஊரையும் சுற்றுப்புறத்தையும் காரில் காட்டுகிறேன் என்று உள்ளூர்ப் பெரியவர் ஒருவர் எழுதியிருந்தார்.

அவருடைய பெயரை இங்கே போடவில்லை. இணையத்தில் பெயர் வருவதில் அவருக்கு விருப்பம் இல்லை. வயது 71. முதலில் கோழி வளர்த்தார், பிறகு காளான், இப்போது கொஞ்சம் மாடுகள். காலை 9 மணிக்கு வீட்டு வாசலில் ஏற்றிக்கொண்டு மாலை 5.30க்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டார். நான்கு பேர் வரை 180 யூரோ, பெட்ரோல் அதில் அடக்கம். நுழைவுச்சீட்டும் சாப்பாடும் நம் செலவு. நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் முதலில் யோசனையாக இருந்தது. போய்வந்த பிறகு அந்தப் பணத்தைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எதனால் என்று சொல்கிறேன். குறைகளும் உண்டு, அதையும் சொல்கிறேன்.

முதலில் நம் ஆட்களுக்கு முக்கியமான ஒரு விஷயம். மொனஹன் அயர்லாந்துக் குடியரசில் இருக்கும் மாவட்டம், ஆனால் அதன் மூன்று பக்கமும் பிரிட்டனின் வட அயர்லாந்து. எல்லைக்கோடு வளைந்து வளைந்து போகிறது. டன்டாக்கிலிருந்து காசில்பிளேனி போகும் என்53 சாலை நடுவில் சில மைல் தூரம் வட அயர்லாந்தின் ஆர்மா மாவட்டத்துக்குள் போய்த் திரும்பி வருகிறது. குளோனிஸிலிருந்து கேவன் போகும் என்54 அப்படி நான்கு முறை எல்லையைக் கடக்கிறது. சோதனைச்சாவடி எதுவும் கிடையாது. வேகப்பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வருவதை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அயர்லாந்து அனுமதி மட்டும் வைத்திருக்கும் இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்கள் அந்தப் பக்கம் போக பிரிட்டன் விசா வேண்டும். தொலைபேசியில் பேசும்போது நான் இதைச் சொன்னதும் பெரியவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, ஒரு அடிகூட அந்தப் பக்கம் வைக்காமல் கூட்டிப்போகிறேன்" என்றார். சொன்னபடியே கேரிக்மக்ராஸ் போகும் ஆர்178 சாலையில் போய் இனிஸ்கீனுக்குத் திரும்பினோம். அன்று முழுக்க ஒவ்வொரு திருப்பத்திலும் எல்லை எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். காசு கொடுத்துப் போகிற எத்தனையோ சுற்றுலாக்களில் இந்த அளவு அக்கறையை நான் பார்த்ததில்லை.

மாவட்டத்துக்குள் நுழைந்த உடனே தரை மாறுகிறது. சின்னச் சின்னக் குன்றுகள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல நீளவாக்கில் உருண்டு, ஒன்றையொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கூடையில் முட்டை அடுக்கியது போல என்று பூகோளப் புத்தகங்களில் எழுதுவார்கள். நேரில் பார்த்தால் அது எவ்வளவு சரி என்று தெரிகிறது. டிரம்லின் என்று பெயர். 'சிறிய முதுகு' என்று பொருள்படும் ஐரிஷ் சொல்லிலிருந்து வந்தது. பனியுகத்தில் நகர்ந்த பனிப்பாளங்கள் அடியிலிருந்த களிமண்ணையும் கல்லையும் இழுத்துக் குவித்துவிட்டுப் போனதில் உண்டானவை. பெரியவர் ஒரு வயலோரம் காரை நிறுத்தி, புல்லுக்கு நடுவே கொத்துக்கொத்தாக நின்ற கோரையைக் காட்டினார். "இது முளைத்தால் தண்ணீர் இறங்கவில்லை என்று அர்த்தம். எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க இதை வெட்டினார். இன்னும் இருக்கிறது."

அந்த ஒரு பேச்சிலிருந்துதான் மொனஹன் எனக்குப் புரிய ஆரம்பித்தது. களிமண்ணில் தண்ணீர் இறங்காது. ஒவ்வொரு குன்றுக்கும் இரண்டு பக்கம் சரிவு, கீழே சதுப்பு. பெரிய வயலாக உழ முடியாது, கோதுமை பயிரிட முடியாது, புல்லும் மாடும்தான். நிலமோ துண்டு துண்டு. 1841இல் இந்தச் சின்ன மாவட்டத்தில் சுமார் 2 லட்சம் பேர் இருந்தார்கள். அடுத்த சில வருடங்களில் உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்தது. 2022 கணக்கெடுப்பில் 65,288 பேர். முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. போகிற வழியில் கூரை இல்லாத கல்வீடுகள் எத்தனை! ஏழு எண்ணிய பிறகு மகள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

இனிஸ்கீனில் ஃபேன் ஆற்றங்கரையில், பழைய மடத்தின் மிச்சமாக, தலை உடைந்த வட்டக்கோபுரம் ஒன்று நிற்கிறது. 1820இல் கட்டிய புனித மேரி தேவாலயம்தான் இப்போது கவனா மையம். 1904இல் பக்கத்து மக்கர் என்ற சிற்றூரில் பிறந்த கவனாவுக்கு ஞானஸ்நானம் நடந்த கோயில் அது. வெளியே கல்லறைத் தோட்டத்தில் எளிய மரச்சிலுவைக்கு அடியில் அவர் இருக்கிறார். 'மக்' என்றால் ஐரிஷில் பன்றி. பன்றி வளர்த்த இடமாக இருந்திருக்கும், அந்தப் பெயரில் தங்களுக்கு எந்த வெட்கமும் இல்லை என்று பெரியவர் சொன்னார். கவனாவின் அப்பா செருப்புத் தைப்பவர், கொஞ்சம் நிலமும் இருந்தது. மகன் 13 வயதில் பள்ளியை விட்டு அப்பாவிடமே தொழில் கற்றுக்கொண்டார். உழுதார், மாடு ஓட்டினார், ஊர்க் கால்பந்து அணிக்கு கோல்கீப்பராக நின்றார். 1931இல் இங்கிருந்து நடந்தே டப்ளின் போய் ஏ.இ. என்ற புனைபெயரில் எழுதிய கவிஞர் ஜார்ஜ் ரசலைச் சந்தித்தார். அவர் கொடுத்த புத்தகங்களுடன் திரும்பி வந்தார். முதல் தொகுப்பு 1936இல். 1939இல் ஒரேயடியாக டப்ளினுக்குப் போய்விட்டார்.

மையத்தில் பெரியவர் எங்களுக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்தார். இது முதல் குறை. குறைந்தது இரண்டு மணி நேரம் வேண்டும். ஒவ்வொன்றையும் நின்று படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் முன்பே பேசிவிடுங்கள். மகள் பாதிக் கூடத்தைக்கூட முடிக்கவில்லை, வாசலில் அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது, சொல்லவும் செய்தேன். "உள்ளே இருப்பது என்றைக்கும் இருக்கும், ஷான்கொடஃபில் வெயில் அடிப்பது இன்னும் அரைமணிதான்" என்றார்.

ஷான்கொடஃப் என்பது கவனா குடும்பத்துக்கு நிலம் இருந்த குன்று. சூரியனைப் பார்க்காமல் எப்போதும் வடக்கே ஆர்மாவை நோக்கி நிற்கிற கறுத்த குன்றுகள் என்று அவர் எழுதியது இதைத்தான். நாங்கள் போனபோது தெற்குச் சரிவில் வெயில் மஞ்சளாகக் கிடந்தது. மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியதும் குளிர் முகத்தில் அறைந்தது. புல்லின் நிறமே வேறு. மகள் கவிதையை மனப்பாடமாகச் சொன்னாள். அதில் வரும் ஓர் இடத்தின் பெயரை அவள் தவறாக உச்சரித்ததும் பெரியவர் மெதுவாகத் திருத்தி, "அந்தப் புதர் அதோ, அந்தப் பக்கம்" என்று கை நீட்டினார். அவள் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அவர் காட்டிய திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவிதையின் முடிவில் மாடு ஓட்டிப்போகிறவர்கள், பசித்த இந்தக் குன்றுகள் யாருடையவை என்று கேட்கிறார்கள். ஒரு கவிஞனுடையது என்று தெரிந்ததும், அப்படியானால் அவன் ஏழையாகத்தான் இருப்பான் என்கிறார்கள். வகுப்பில் அதற்கு ஐந்து வரியில் விளக்கம் எழுதியிருந்தாளாம். அந்தச் சரிவில் நின்று கோரையைப் பார்த்த பிறகு அந்த விளக்கம் போதவில்லை என்று அவளே சொன்னாள்.

அங்கிருந்து கீழே வரும்போதுதான் அன்றைய நாளின் சிறந்த பகுதி. பாலிரஷ், கார்டின் என்று இரண்டு சிற்றூர்கள். ஒரு துண்டுப் பாறை நிலத்துக்காக இரண்டு குடும்பங்கள் சண்டை போட்டதைப் பற்றி கவனாவுக்கு ஒரு கவிதை இருக்கிறது. 1938, ஐரோப்பா போரை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம். எது பெரிய விஷயம் என்று கவிஞன் தடுமாறுகிறான். அப்போது ஹோமரின் ஆவி வந்து, நான் என் காவியத்தை இப்படி ஓர் ஊர்ச்சண்டையிலிருந்துதான் செய்தேன் என்கிறது. நம் ஊரில் வரப்புத் தகராறு என்போமே, அதேதான். பெரியவர் காரை ஓரம் கட்டி, தன் அப்பாவுக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் ஓர் உயிர்வேலியை வைத்து 11 வருடம் பேச்சுவார்த்தை நின்றுபோன கதையைச் சொன்னார். பூசைக்குப் போனால் தேவாலயத்தில் எதிரெதிர்ப் பக்கம் உட்காருவார்களாம். பக்கத்துவீட்டுக்காரர் செத்த அன்று அப்பா போய்க் குழி வெட்டினாராம். "வேலி என்ன ஆச்சு?" என்று மகள் கேட்டாள். "வளர்ந்தது" என்றார்.

கவனாவைப் பற்றி அவர் பேசுவதில் புகழ்ச்சி மட்டும் இல்லை, எனக்கு அது பிடித்திருந்தது. 1942இல் வந்த 'தி கிரேட் ஹங்கர்' என்ற நெடுங்கவிதையில் பேட்ரிக் மகுவயர் என்ற விவசாயி, அம்மாவுக்கும் வயலுக்கும் கட்டுப்பட்டு, கல்யாணம் இல்லாமல் கிழவனாகிறான். அதில் வரும் பசி சோற்றுப் பசி இல்லை. ஊரில் அதைப் படித்தவர்கள் பலருக்கு வலித்தது. 1948இல் வந்த 'டேரி ஃபிளின்' நாவலுக்குச் சில காலம் அரசுத் தடையே இருந்தது. பெரியவரின் அம்மா அதை வீட்டுக்குள் விடவில்லையாம். "எங்கள் பெரியப்பாக்கள் இரண்டு பேரும் மகுவயர்தான்" என்றார் அவர். நிலத்தைப் பிரிக்க முடியாது, அப்பா அம்மா இருக்கும்வரை கையில் எதுவும் வராது, கையில் வரும்போது வயது 50. இப்படித்தான் அந்தத் தலைமுறை போனது. நான் மருத்துவமனையில் பார்க்கும் தனிக்கட்டை முதியவர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு குன்றிலிருந்து வந்தவர்களோ என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

மதியம் கேரிக்மக்ராஸில். சாப்பிட அவர் கூட்டிப்போன கடை எங்களுக்குச் சரிப்படவில்லை. சைவமாக ரொட்டியும் சூப்பும் தவிர எதுவும் இல்லை, சூப்பும் ஆறியிருந்தது. இது இரண்டாவது குறை. சைவம் சாப்பிடுபவர்கள் கையில் கட்டிக்கொண்டு போங்கள்.

அந்த ஊரில் லேஸ் துணிகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் கூடத்தைப் பற்றி அவருக்கு அதிகம் தெரியவில்லை, வெளியிலேயே நின்றுவிட்டார். நாங்களாகப் பார்த்தோம். 1820களில் டானமோயின் என்ற ஊர்ப் பாதிரியாரின் மனைவி திருமதி கிரே போர்ட்டர் இந்தக் கைவேலையை இங்கே தொடங்கிவைத்தார். வலைத்துணியின் மேல் மெல்லிய மஸ்லினை வைத்து, பூவின் ஓரத்தில் நூலைப் படியவைத்துத் தைத்து, மிச்ச மஸ்லினைச் சின்னக் கத்தரியால் வெட்டி எடுக்கிறார்கள். கத்தரி வலையில் பட்டால் போயிற்று. 1981இல் டயானாவின் திருமண உடையில் பழைய கேரிக்மக்ராஸ் லேஸ் இருந்தது. மாவட்டத்தின் மறுகோடியில் உள்ள குளோனிஸில் கொக்கி ஊசியால் பின்னுவது வேறு வகை. பஞ்சம் உச்சத்தில் இருந்த 1847இல் கசாண்ட்ரா ஹேண்ட் என்ற பாதிரியார் மனைவி பெண்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்று அதைத் தொடங்கினார். ஊசிமுனை அளவு நுணுக்கமான அந்த வேலையும் பசியிலிருந்து பிறந்ததுதான்.

பிறகு அவர் நண்பரின் காளான் கொட்டகை. எந்தச் சுற்றுலாப் பட்டியலிலும் இது கிடைக்காது. இதற்காகவே நான் இன்னொரு முறை போவேன். காலுறை, தலைவலை எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். இளஞ்சூட்டில், ஈரமான காற்றில், அடுக்கடுக்காகத் தட்டுகள். விதையூன்றிய மக்கிய உரத்தின் மேல் கரிசல் போன்ற பீட் மண் ஒரு படுகை, அதன் மேல் வெள்ளை வெள்ளையாகக் காளான். ஒரு நாளில் அளவு இரட்டிப்பாகும். அதனால் பறிப்பவர்கள் காத்திருக்க முடியாது, ஞாயிறு திங்கள் பார்க்க முடியாது. கத்தியால் காம்பை வெட்டி அளவு பார்த்து நேராக விற்பனைப் பெட்டியிலேயே வைக்கிறார்கள். நாங்கள் பார்த்த பெண்களில் லிதுவேனியா, பல்கேரியாவிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் என் மகளிடம் ஒரு காளானைக் கொடுத்து எப்படித் திருகி எடுப்பது என்று காட்டினார்.

பெரியவர் அப்போது சொன்னதுதான் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியது. உழ முடியாத நிலத்தில் பிழைக்க வேண்டும் என்றால் கூரைக்குக் கீழேதான் பிழைக்க வேண்டும். அதனால் கோழி. ஆலை குஞ்சும் தீவனமும் கொடுக்கும், விவசாயி கொட்டகையும் உழைப்பும் கொடுப்பார். கோழி பெருகியதும் எச்சம் பெருகியது. ஈரக் களிமண்ணில் அத்தனையையும் போட்டால் ஆறு கெட்டுவிடும். அதைக் கோதுமை வைக்கோலுடனும் ஜிப்சத்துடனும் சேர்த்துப் புளிக்கவைத்தால் காளானுக்கு மக்கிய உரம். இப்படி ஒன்றின் கழிவு இன்னொன்றுக்கு முதலாகி இந்த மாவட்டம் நாட்டின் கோழிக்கும் காளானுக்கும் தலைமை இடமானது. எமிவேலில் வாத்து, மொனஹன் நகரில் 1998 முதல் காம்பிலிஃப்ட் என்ற நிறுவனத்தின் பாரந்தூக்கி வண்டிகள். எல்லாம் இந்த முட்டைக்கூடைக் குன்றுகளுக்கு நடுவேதான். ஆனால் அயர்லாந்துக் காளானில் பெரும்பகுதி பிரிட்டனுக்குப் போகிறது. 2016இல் பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்குப் பின் பவுண்டு விழுந்தபோது பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டிருந்த பண்ணைகள் சில மூடின. பெரியவர் காளானை விட்டது அப்போதுதான். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் எங்களைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கோழிக் கொட்டகைக்குள் விடமாட்டார்கள். பறவைக் காய்ச்சல் பயத்தால் வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. அதைக் குறையாகச் சொல்ல முடியாது.

குளோனிஸ் போக நேரம் இல்லை. அது நாவலாசிரியர் பேட்ரிக் மெக்கேபின் ஊர். அவருடைய 'தி புட்சர் பாய்' 1992இல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது, அதைப் படமாக்கியதும் அங்கேதான். நியூபிளிஸ் பக்கத்தில் அன்னமகெரிக் என்ற ஏரிக்கரை மாளிகையும் விடுபட்டது. நாடக இயக்குநர் டைரோன் கத்ரி தன் வீட்டைக் கலைஞர்களுக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். 1981 முதல் எழுத்தாளர்களும் ஓவியர்களும் அங்கே தங்கி வேலை செய்கிறார்கள், இரவுச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மேசையில் உட்காருவது வழக்கம். ஒரே நாளில் தெற்கையும் மேற்கையும் பார்க்க முடியாது என்று பெரியவர் தொலைபேசியிலேயே சொல்லியிருந்தால் நான் எதிர்பார்த்திருக்கமாட்டேன். இது மூன்றாவது குறை.

வேறு சில விஷயங்கள். முதலில் குறித்த நாளுக்கு முந்தின இரவு பசு கன்று போடப்போகிறது என்று பயணத்தைத் தள்ளிவைத்தார். வேறு தேதி உடனே கொடுத்தார், முன்பணம் எதுவும் வாங்கியிருக்கவில்லை. ஆனாலும் விடுப்பு மாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கார் பழையது, நாய் வாடை உண்டு, ஆனால் பின்சீட்டு பெல்ட் உட்பட எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஓட்டுவது நிதானம். பேச்சு வேகம், அந்த வட்டார உச்சரிப்பு பழக எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. மெதுவாகச் சொல்லுங்கள் என்று கேட்டால் சலிக்காமல் திரும்பச் சொல்கிறார். சின்னக் குழந்தைகளோடு போக இது ஏற்றதில்லை. ஏறி இறங்குவது அதிகம், கழிப்பறை வசதி மையத்திலும் கேரிக்மக்ராஸிலும்தான்.

புகழ்பெற்ற இடங்களின் முன்னால் படம் எடுத்துக்கொள்ள நினைப்பவர்களுக்கு மொனஹனில் அவ்வளவு கிடைக்காது. மலையும் கடலும் வேண்டுமானால் மேற்குக் கரைக்குப் போங்கள். தலைநகரம் என்ன நினைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருப்பவன் ஒரு வகை, தன் ஊரின் மதிப்பில் சந்தேகமே இல்லாதவன் இன்னொரு வகை என்று கவனா பிரித்துச் சொன்னார். அந்த இரண்டாவது வகை மனிதர் ஒருவரோடு எட்டரை மணி நேரம் இருக்க வேண்டும் என்று தோன்றினால் இவரைக் கூப்பிடுங்கள். எனக்கு எழுதினால் அவரிடம் கேட்டுவிட்டு எண் தருகிறேன். மாலை 7 மணிக்கு மேல் அழையுங்கள், அதற்கு முன் தொழுவத்தில் இருப்பார். ரொக்கம்தான் வாங்குகிறார். எல்லை தாண்டக்கூடாது என்றால் அதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ் கொண்டுபோங்கள். அதை அவர் எங்களுக்குச் சொல்ல மறந்துவிட்டார், மகளின் வெள்ளை ஷூவில் ஒட்டிய ஷான்கொடஃப் களிமண் மூன்று முறை கழுவியும் இன்னும் தையலோரத்தில் இருக்கிறது. குளோனிஸுக்கு ஆகஸ்டில் ஒரு நாள் சொல்லி வைத்திருக்கிறோம்.